ஐந்தரை மணித்தியாலப் பறப்புக்கு ஒன்றரை நாள் பயணம்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் இரண்டு ஒரே விடயத்தைக் கேட்டிருந்தன. ஒன்று கிளிநொச்சியிலிருந்து வந்தது. மற்றையது எங்கள் பூனாகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து. கட்டுநாயக்காவிலிருந்து சவூதி ரியாத்துக்கு எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதே கேள்வி. கிளிநொச்சிச் சகோதரி தன் மகளை அனுப்பவிருக்கிறார். தோட்டத்துச் சகோதரி தானே போகவிருக்கிறார். "மூணு மணி நேரத்துல போயிறலாம்னு ஏஜென்டோட ஆள் சொன்னாரு அக்கா. டிக்கட்டுலயும் அப்படித்தான் கணக்கு வருது" என்று எழுதியிருந்தார்.

போகலாமா, வேண்டாமா என்பது பற்றி இந்தப் பக்கத்தில் முன்னரும் எழுதியிருக்கிறோம். இந்த மாதம் அந்த வாதத்துக்குள் போகவில்லை. கேட்ட கேள்விக்கே பதில் சொல்வோம். சிறிய கேள்விபோல் தெரிந்தாலும் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் விமானத்தைத் தவறவிட்டவர்களும், கடன்பட்டு இரண்டாவது டிக்கட் எடுத்தவர்களும் எங்கள் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள்.

முதலில் தூரம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் ரியாத் விமான நிலையத்துக்கும் இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். இது உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம். டுபாய் இதைவிடக் கிட்ட, சுமார் 3,300 கிலோமீற்றர். கட்டாரின் டோஹா 3,600. குவைத் சற்று அதிகம், 4,150 அளவில் வரும். விமானங்கள் எப்போதும் இந்த நூல்கோட்டின்மேல் பறப்பதில்லை. எந்த நாட்டின் வான்பரப்பு திறந்திருக்கிறது, எங்கே புயல், எங்கே நெரிசல் என்று பார்த்து வளைந்தும் போகும். ஆகவே பறக்கும் தூரம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அடுத்தது நேரம். பயணிகள் ஜெட் விமானம் மேலே ஏறிய பின் மணித்தியாலத்துக்கு 800 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறையும். எல்லாம் சேர்த்து ரியாத்துக்கு நேரடி விமானத்தில் ஐந்தரை மணித்தியாலம் அளவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டுபாய்க்கு நாலரை, டோஹாவுக்கு ஐந்து. திரும்பி வரும்போது இந்த நேரம் அரை மணித்தியாலமளவு குறையும். அந்த உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் காற்று வீசுகிறது. போகும்போது அது விமானத்தின் முகத்தில் அடிக்கிறது. வரும்போது முதுகில் தள்ளிவிடுகிறது.

அப்படியானால் டிக்கட்டில் மூன்று மணித்தியாலம் எப்படி வந்தது? முகவரின் ஆள் சொன்னது பொய்யா? பொய் என்றும் சொல்ல முடியாது, அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். டிக்கட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம். போய்ச் சேரும் நேரம் சவூதி நேரம். இரண்டும் ஒரே கடிகாரம் அல்ல. சவூதி, குவைத், கட்டார் ஆகிய நாடுகள் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கின்றன. டுபாயும் அபுதாபியும் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். மாலை 6.30க்குக் கட்டுநாயக்காவில் ஏறுகிறீர்கள். டிக்கட்டில் ரியாத் இரவு 9.30 என்று இருக்கும். கழித்துப் பார்த்தால் மூன்று மணித்தியாலம். ஆனால் ரியாத்தில் இரவு 9.30 ஆகும்போது உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் நள்ளிரவு 12 மணி. ஆக, நீங்கள் ஆகாயத்தில் இருந்தது ஐந்தரை மணித்தியாலம்.

திரும்பும்போது கணக்கு மறுபக்கம் இழுக்கும். ரியாத்தில் இரவு 11 மணிக்கு ஏறி மறுநாள் காலை 6.30க்குக் கட்டுநாயக்காவில் இறங்குவதாக டிக்கட் சொல்லும். ஏழரை மணித்தியாலமோ என்று தோன்றும். பறந்தது ஐந்துதான். மேற்கே போகும்போது இரண்டரையைக் கூட்டுங்கள், வீட்டுக்கு வரும்போது இரண்டரையைக் கழியுங்கள். இவ்வளவுதான் விடயம்.

இந்த இரண்டு கடிகாரக் கதை வன்னியில் இருந்த சகோதரிகளுக்குப் புதிதல்ல. 1996 மே மாதம் வறட்சியால் மின்சாரம் போதாமல் போனபோது அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நடந்தது. வவுனியாவில் பத்து மணி என்றால் கிளிநொச்சியில் ஒன்பதரை. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டுகிறவர்கள் மணிக்கூட்டைத் திருப்பியே தாண்டினார்கள். எங்கள் தோட்டங்களிலும் "பழைய டைமா, புது டைமா" என்று கேட்காமல் கல்யாண முகூர்த்தம் குறித்ததில்லை. ஒரே தீவுக்குள் எண்பது கிலோமீற்றர் தூரத்தில் இருந்த அந்த அரை மணித்தியாலம்தான் ரியாத்தில் இரண்டரை மணித்தியாலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு வருவோம். அது திகதி. மத்திய கிழக்குக்குப் போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுபவை. டிக்கட்டில் 15ஆம் திகதி 00.45 என்று இருந்தால் அது 15ஆம் திகதி இரவு அல்ல. 14ஆம் திகதி இரவு படுத்து, பன்னிரண்டு மணி தாண்டி முக்கால் மணித்தியாலம். மூன்று மணித்தியாலத்துக்கு முன்னர் விமான நிலையத்தில் இருக்கவேண்டும் என்றால் 14ஆம் திகதி இரவு 9.45க்கு அங்கே நிற்கவேண்டும். புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே பெரும்பாலான விமான நிறுவனங்கள் பதிவு மேசையை மூடிவிடுகின்றன. "பதினஞ்சாம் தேதிதானே" என்று 15ஆம் திகதி காலையில் பெட்டி கட்டத் தொடங்கிய ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய ஆசனம் வெறுமையாக ரியாத்தில் இறங்கி ஐந்து மணித்தியாலம் ஆகியிருந்தது. 00 என்று தொடங்கும் நேரத்தைக் கண்டால் உடனே சிவப்புப் பேனாவால் முதல்நாள் திகதியை எழுதிவையுங்கள்.

அந்த 14ஆம் திகதி இரவு 9.45க்குக் கட்டுநாயக்காவில் நிற்கப் பூனாகலையில் எத்தனை மணிக்கு இறங்கவேண்டும்? இதைத்தான் எந்த டிக்கட்டும் சொல்வதில்லை.

வரைபடத்தில் பண்டாரவளைக்கும் கட்டுநாயக்காவுக்கும் நேராகக் கோடு போட்டால் சுமார் 130 கிலோமீற்றர்தான். விமானம் பதினைந்து நிமிடத்தில் தாண்டிவிடும் தூரம். ஆனால் நாங்கள் கோட்டில் போவதில்லை. பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு முதல் பஸ், அங்கிருந்து ஹப்புத்தளை, பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்பு, பின் கட்டுநாயக்கா. எல்லாம் சேர்ந்தால் 230 கிலோமீற்றருக்கு மேல். பண்டாரவளையில் ஏறினால் கொழும்புக்கு மட்டும் ஆறு, ஏழு மணித்தியாலம். கொழும்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 2013 ஒக்டோபரில் அதிவேகப் பாதை திறந்தபின் அந்தக் கடைசித் துண்டு குறைந்தது. அது நகரத்தில் வான் பிடிக்கக் காசு உள்ளவர்களுக்கு. பெட்டியோடு பஸ் மாறுகிறவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். கோச்சியில் போனால் இன்னும் மெதுவு. 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த அந்தப் பாதையில் கொழும்பு கோட்டைக்கு 290 கிலோமீற்றர். நல்ல நாளிலேயே ஒன்பது, பத்து மணித்தியாலம் எடுத்த பயணம் அது.

ஒருநாள் முழுவதும் பிடித்தே தீரும். அதிகாலை 5 மணிக்குப் பூனாகலையில் புறப்பட்டால் பிற்பகல் நான்கு மணியளவில் கட்டுநாயக்கா. பிறகு காத்திருப்பு. 00.45க்கு விமானம். ரியாத்தில் இறங்கும்போது அங்கே அதிகாலை 3.45 அளவில். நம் நேரப்படி காலை 6.15. குடிவரவு வரிசை, பெட்டி, வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போகும் வரை உட்கார்ந்திருப்பது, அதன் பிறகு வீடு ரியாத்திலேயே இருக்கிறதா இல்லை இன்னும் நூறு மைல் தள்ளியா என்பது. பூனாகலை வாசலில் செருப்பு மாட்டிய நேரத்திலிருந்து அங்கே ஒரு வீட்டுக்குள் நுழையும் நேரம் வரை முப்பது மணித்தியாலத்துக்குக் குறையாது. அதில் ஐந்தரைதான் பறந்தது. வேறொரு நாட்டில் இறங்கி விமானம் மாறும் டிக்கட் என்றால் இடையில் இன்னும் ஆறோ எட்டோ மணித்தியாலம் சேரும். விலை குறைந்த டிக்கட்டை முகவர்கள் எடுப்பதே அப்படித்தான். எத்தனை மணித்தியாலம், எந்த ஊரில் என்று கேளுங்கள். அந்த நேரத்துக்குச் சாப்பாடு கையில் வேண்டும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை போகிறவர்கள் இன்னொரு நாளையும் கணக்கில் சேர்க்கவேண்டும். எங்கள் வீதிகளில் மண் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தையை யார் மறப்பார்கள்? 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது அது மழைக்காலம் என்றுகூட இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையக வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அந்த மாதங்களில் முதல்நாளே இறங்கி, கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு தங்குவது செலவு அல்ல.

"எங்களுக்குக் கிட்ட மத்தளை விமான நிலையம் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். உண்மை. கொஸ்லாந்தை, வெல்லவாய, தனமல்வில வழியாகப் போனால் கட்டுநாயக்காத் தூரத்தில் பாதியும் இல்லை. 2013 மார்ச்சில் அது திறந்தபோது ஊவாப் பெண்கள் பலர் சந்தோஷப்பட்டார்கள். டுபாய்க்கு ஒரு விமானம் சில வருடங்கள் வந்துபோனது. 2018இல் அதுவும் நின்றது. விமான நிலையம் கிட்ட இருந்து பயனில்லை, விமானமும் இருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். தூரம் ஒன்று, நேரம் வேறொன்று என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஆகாயத்தில் சுமார் 330 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலப் பறப்பு. வீதியால் 400 கிலோமீற்றர், தடையில்லா நாளில் ஓர் இரவுப் பயணம். 1990 நடுப்பகுதியில் யாழ்தேவி நின்றது, பாதையும் மூடியது. அதன் பிறகு அதே இரண்டு ஊர்களுக்கு இடையே நேரம் நாள்களாக, வாரங்களாக நீண்டது. கிளாலிக் கடலில் இரவில் வள்ளம், வவுனியாவில் பாஸ், திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், கப்பலுக்கு முன் வரிசை, வரிசைக்கு முன் அனுமதி. விமானத்துக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கவேண்டும், விடியமுன் சோதனைக்கு வரவேண்டும், பெட்டியை அவிழ்த்துக் கட்டவேண்டும். பறந்தது ஒரு மணித்தியாலம்.

அந்த ஒரு மணித்தியாலமும் பத்திரமானதாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் இரணைதீவுப் பக்கத்துக் கடலில் விழுந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக 55 பேர். அதன் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டெடுத்தது 2012இல். பதினான்கு வருடம். அதுவரை உறுதியாக ஒன்றும் தெரியாமல், எங்கோ உயிரோடு வைத்திருப்பார்கள் என்று காத்திருந்த வீடுகள் உண்டு. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களிலும் அப்படிக் காத்திருந்தவர்கள் இருக்கலாம்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது நேரம் மீண்டும் மணித்தியாலத்துக்கு இறங்கியது. எழுபத்தேழிலும் எண்பத்து மூன்றிலும் கலவரத்துக்குப் பயந்து மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. கிளிநொச்சி மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் இருந்து எங்கள் பக்கம் உறவினரைத் தேடி வந்தவர்கள் அப்போதுதான் வர முடிந்தது. அத்தை முகத்தைப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பார்த்தேன் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடியது. கிலோமீற்றர் ஒன்றும் கூடவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் போனது 2014 ஒக்டோபரில். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்கு விமானம் பறந்தபோது, கொழும்பு வரை தெற்கே வந்து மீண்டும் வடக்கே பறந்த மக்களுக்கு 350 கிலோமீற்றரளவுத் தூரம் அவ்வளவாகவே கிடைத்தது. கொரோனாவால் அது நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது.

வெளிநாட்டுக்கும் இதே விதிதான் என்பதை அனுப்புகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும். குவைத்திலிருந்து கொழும்பு ஐந்து மணித்தியாலத்துச் சொச்சம். 1990 ஓகஸ்ட் 2 அன்று ஈராக் இராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. விமான நிலையம் மூடியது. அங்கிருந்த பல்லாயிரக்கணக்கான இலங்கையர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். அவர்களில் பலர் பாலைவனத்தைக் குறுக்கே தாண்டி, ஈராக் வழியாக ஜோர்தான் எல்லைக்குப் போய், அங்கே கூடாரங்களில் வாரக்கணக்கில் கிடந்து, பின்னர்தான் விமானம் ஏறினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கட்டுநாயக்கா மூடியபோது வேலை போய், சம்பளமும் இல்லாமல், திரும்பிவர விமானமும் இல்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர். 2025 ஜூன் 23 அன்று ஈரானின் ஏவுகணைகள் வந்தபோது கட்டார் தன் வான்பரப்பை மூடியது. அது சில மணித்தியாலங்கள்தான். ஆனால் அந்தச் சில மணித்தியாலத்துக்குள் டோஹாவில் விமானம் மாறக் காத்திருந்தவர்களின் கணக்கெல்லாம் கலைந்துபோனது.

போரும் நோயும் இல்லாத நாளிலும் திரும்பி வரும் வழிக்கு ஒரு கதவு உண்டு. அதன் சாவி பலருக்குக் கையில் இல்லை. தாய் இறந்துவிட்டார் என்று பூனாகலையிலிருந்து செய்தி போகிறது. மகள் ரியாத்தில். ஐந்து மணித்தியாலப் பறப்பு, மறுநாள் அடக்கத்துக்கு வந்துவிடலாம் என்று லயத்தில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள், உடலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கடவுச்சீட்டு வீட்டுக்காரரின் அலுமாரியில். நாட்டை விட்டு வெளியேற அவருடைய சம்மதம் வேண்டும். 2021 மார்ச்சில் சவூதி அரசாங்கம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்த விதியைத் தளர்த்தியது. வீட்டுப் பணிப்பெண்களை அதில் சேர்க்கவில்லை. கட்டார் 2020 ஜனவரியில் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் வெளியேறும் அனுமதியை நீக்கியது, 72 மணித்தியாலத்துக்கு முன் வீட்டுக்காரருக்கு அறிவிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த மூன்று நாளும் பயணநேரம்தான். ஒப்பந்தத்தில் அவசர விடுமுறை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் போகமுன் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துக் காட்டாத முகவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள்.

தொலைபேசி விடயத்தையும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் அநேகமான மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது. "அம்மா பேசவே மாட்டேங்குது" என்று பிள்ளை அழும். "புள்ளைங்க தூங்கிருச்சுன்னு சொல்றாங்க, பொய்யா இருக்குமோ" என்று அங்கே தாய் சந்தேகப்படுவாள். இருவரும் சொல்வது உண்மை. பிள்ளை பாடசாலைக்குப் புறப்படும் காலை 7 மணி, ரியாத்தில் அதிகாலை நாலரை. பிள்ளை படுக்கும் இரவு எட்டரை, அங்கே மாலை ஆறு மணி, அடுப்படியில் நிற்கும் நேரம். அவள் வேலை முடித்து இரவு 11க்குக் கைத்தொலைபேசியை எடுக்கும்போது இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை. கிடைக்கக்கூடிய நேரம் ஒன்று உண்டு. அங்கே பிற்பகல் மூன்று மணி, வீட்டுக்காரர்கள் உண்டு உறங்கும் நேரம். இங்கே மாலை ஐந்தரை. கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் லயத்துக்கு வந்திருப்பார்கள், பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். வாரத்தில் எந்த நாள் என்பதை அங்கே போய்ப் பார்த்து முடிவு செய்யலாம். ரமழான் மாதத்தில் அந்த வீடுகளில் இரவு பகலாகும், பகல் இரவாகும். அந்த மாதம் மட்டும் அழைப்பு வரவில்லை என்று பயப்படவேண்டாம்.

இரண்டு சகோதரிகளும் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் இலக்கம், புறப்படும் திகதியும் நேரமும் இலங்கை நேரத்தில். இறங்கும் நேரத்தை அந்நாட்டு நேரத்திலும் நம் நேரத்திலும் இரண்டு தடவை எழுதுங்கள். இடையில் மாறும் ஊர், அங்கே நிற்கும் மணித்தியாலம். வீட்டுக்காரரின் பெயர், நகரம், தொலைபேசி. இங்கே முகவர் நிலையத்தின் பெயரும் அனுமதி இலக்கமும். உப முகவரின் கைத்தொலைபேசி இலக்கம் மட்டும் போதாது, அது ஒரு மாதத்தில் வேலை செய்யாமல் போகலாம். கடவுச்சீட்டின் முதற்பக்கத்தையும் ஒப்பந்தத்தையும் பிரதி எடுத்து அந்தத் தாளோடு சேர்த்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ஒன்றைப் பெட்டியின் துணிகளுக்கு அடியிலும் வையுங்கள். இறங்கவேண்டிய நேரத்திலிருந்து ஒருநாள் கழிந்தும் செய்தி இல்லையென்றால் வீட்டார் முகவரிடம் ஓடிக்கொண்டிராமல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்தத் தாளில் உள்ளதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.

கிளிநொச்சிச் சகோதரிக்கு இன்னும் ஒன்று. உங்கள் ஊரிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எங்களைவிட அதிக தூரம், ஆனால் வீதி நேர். இரவு பஸ்ஸில் வந்தால் விடியும்போது நீர்கொழும்பில் இறங்கலாம். மகளின் விமானம் மறுநாள் நள்ளிரவு தாண்டி என்றால் முழுப் பகலும் அவளோடு இருக்கலாம். பணியகத்தின் பதிவுச் சான்று, கடவுச்சீட்டு, டிக்கட் மூன்றையும் அவள் கையிலேயே கொடுங்கள், கூட வருகிறவர் கையில் கொடுக்கவேண்டாம்.